சவுக்குத் தோப்பில் கிறிஸ்துமஸ் மரம்: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிளாஸ்டிக் மரம் வேண்டாம், இந்த வருடம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் நிஜ மரமே வெட்டி வரலாம் என்று நினைக்கிறீர்களா? தாராளமாகச் செய்யலாம். ஆனால் யாரிடம் கேட்பது, எதைத் தொடக்கூடாது, எவ்வளவு கொடுப்பது என்று விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்வார்கள். வனத்துறை பர்மிட் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவர்கூட உண்டு. ஆலப்பாக்கம் பக்கத்துத் தோப்பிலிருந்து புதுச்சேரி நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு மரம் வந்து சேர்வதற்குள் பட்ட பாட்டில் தேறிய விவரங்களை வரிசையாகத் தருகிறேன். முதல் முறை போகிறவர்களுக்காக எழுதியது இது. தோப்பு வைத்திருப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

1. எந்த மரம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வாழ்த்து அட்டைகளில் இருக்கும் ஃபிர், ஸ்ப்ரூஸ் எல்லாம் குளிர்நாட்டு மரங்கள். நம் கடற்கரை மணலிலும் புழுக்கத்திலும் அவை வளராது. கொடைக்கானலுக்கோ ஊட்டிக்கோ போகும் சொந்தக்காரர்களிடம் "வரும்போது ஒரு பைன் கொம்பு கொண்டு வாங்க" என்று சொல்லிவிடவும் வேண்டாம். மலைப்பகுதி மரங்களைக் காப்பதற்கென்றே 1955ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. அதன்படி அங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டுவதற்கே அனுமதி வாங்க வேண்டும். காரின் பின்பக்கம் கொம்போடு பிடிபட்டால் பண்டிகை அங்கேயே முடிந்துவிடும்.

நமக்குக் கைக்கெட்டுவது இரண்டுதான். ஒன்று, வெட்டி எடுத்து வரும் சவுக்கு. இன்னொன்று, தொட்டியில் வளர்ந்த அரோக்கேரியா. நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் ட்ரீ' என்று கேட்டால் தட்டுத்தட்டாகக் கிளை விரிந்த இந்தச் செடியைத்தான் காட்டுவார்கள்.

சவுக்கு மலிவு, ஆள் உயரத்துக்கு மேல் கிடைக்கும், வெட்டப் போவதே பிள்ளைகளுக்குத் திருவிழா. குறை என்னவென்றால் சீக்கிரம் காய்ந்துவிடும். வெட்டி ஐந்தாறு நாள் நல்ல பச்சையாக நிற்கும், அதற்கப்புறம் மங்கி உதிரத் தொடங்கும். அரோக்கேரியா மூன்றடிச் செடியே ஆயிரம் ரூபாயைத் தொடும். ஆனால் டிசம்பர் முதல் தேதியிலிருந்து மூன்று ராசாக்கள் திருநாள் (ஜனவரி 6) வரைக்கும் அப்படியே நிற்கும், அடுத்த வருடத்துக்கும் அதே செடி. வாங்கும்போது நடு உச்சியைப் பாருங்கள். உச்சி ஒடிந்த செடி மறுபடி அந்தக் கோபுர வடிவத்துக்கு வராது. விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

வீட்டில் கைக்குழந்தையோ, ஆஸ்துமாக்காரரோ இருந்தால் அரோக்கேரியாவே நல்லது. சவுக்குப் பூவின் மகரந்தம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. மற்றவர்களுக்கு என் ஓட்டு சவுக்குக்குத்தான். இனி எழுதுவதெல்லாம் சவுக்கைப் பற்றி.

2. நாளைக் குறியுங்கள்

தோப்புக்காரரோடு பேச்சை டிசம்பர் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். வெட்டை 21, 22 தேதிகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் வெட்டினால் பண்டிகை அன்று மரம் பழுத்துப்போயிருக்கும். 24ஆம் தேதிக்குத் தள்ளினாலோ வண்டி கிடைக்காது. அன்றிலிருந்து புத்தாண்டு வரை வெளியூர்க் கார்கள் புதுச்சேரியை நோக்கி வந்துகொண்டே இருக்கும், கிழக்குக் கடற்கரைச் சாலை நகராது, வண்டி வாடகையும் ஏறிவிடும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு எந்த நாளில் முடிகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேர்வுக்கு முந்தின நாள் தோப்புக்குக் கூட்டிக்கொண்டு போனால் மாமியாரிடம் யார் பேச்சு வாங்குவது?

வடகிழக்குப் பருவமழை டிசம்பரிலும் நம்மை விடாது. அதனால் மாற்று நாள் ஒன்றையும் சேர்த்தே பேசுங்கள். மழை பெய்த மறுநாள் தோப்புப் பாதையில் கார் புதையும். இரண்டு நாள் வெயில் காய்ந்திருந்தால் போகலாம்.

புயல் வருடமாக இருந்தால் இன்னொரு சிக்கல் சேரும். 2011 டிசம்பர் கடைசியில் வந்த தானேயும் 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சலும் இந்தக் கரையைத்தான் தாக்கின. சாய்ந்து கிடக்கும் மரம்தானே, எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். சேதக் கணக்கெடுப்பு முடிகிற வரை உரிமையாளர் ஒரு குச்சியைக்கூட நகர்த்த விடமாட்டார், அது நியாயமும்கூட. நிவாரணக் கணக்குக்குச் சாய்ந்த மரம் சாய்ந்த இடத்திலேயே கிடக்க வேண்டும்.

3. தோப்பைப் பிடிப்பது

கடலூருக்குத் தெற்கே ஆலப்பாக்கம், திருச்சோபுரம், தியாகவல்லிப் பக்கம் மணல் பூமி முழுக்கச் சவுக்குதான். வடக்கே இருப்பவர்கள் காலாப்பட்டைத் தாண்டி மரக்காணம் சாலையில் பார்க்கலாம். சாலையோரமாகத் தெரியும் தோப்பைவிட, வெட்டு நடந்துகொண்டிருக்கும் தோப்பைத் தேடுங்கள். லாரியில் சவுக்குக் கழி ஏற்றுகிற இடம் கண்ணில் பட்டால் அங்கேயே இறங்கிவிடுங்கள். டீக்கடையில் விசாரித்தாலும் "இன்னார் தோப்புல வெட்டு ஓடுது" என்று சொல்லிவிடுவார்கள்.

வெட்டு நடக்கும் தோப்பு ஏன் என்றால், இங்கே சவுக்கு டன் கணக்கில் விற்கிற பயிர். நட்டு நான்கைந்து வருடத்தில் மொத்தத் தோப்பையும் வெட்டிக் காகித ஆலைக்கும் சாரக் கட்டைக்கும் அனுப்புவார்கள். நமக்காக ஒற்றை மரம் வெட்ட எந்த உரிமையாளரும் ஆள் கூப்பிட மாட்டார். வெட்டு நடக்கிற நாளில் போனால் ஆளும் அரிவாளும் அங்கேயே இருக்கும், நம் மரம் அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை.

இதிலே பெரிய பொறி ஒன்று இருக்கிறது. தோப்புக்காரர் "எடுத்துக்கங்கம்மா" என்று சிரித்தபடியே சொல்லியிருப்பார். போய் மரத்தில் கை வைத்ததும் இன்னொருவர் வந்து நிறுத்துவார். காரணம், தோப்பு நிற்கும்போதே ஒரு வியாபாரி மொத்தமாக விலை பேசி முன்பணமும் கொடுத்திருப்பார். அதற்கப்புறம் அதில் இருக்கும் ஒவ்வொரு மரமும் வியாபாரியுடையது. எங்களுக்கு நேர்ந்தது இதுதான். இருவரும் போனில் பேசித் தீர்க்கிற வரை வெயிலில் நின்றோம். ஆகவே முதல் கேள்வியாகவே இதைக் கேளுங்கள்: "அண்ணே, தோப்பு வித்தாச்சா? வியாபாரி யாரு?" விற்றாகிவிட்டது என்றால் பணமும் பேச்சும் வியாபாரியோடு, மரியாதைக்கு உரிமையாளரிடமும் ஒரு வார்த்தை.

தொடவே கூடாத மரங்களும் உண்டு. கடற்கரையை ஒட்டி வரிசை வரிசையாக நிற்கும் சவுக்கு யாருக்கும் சொந்தமில்லாதது போலத் தெரியும். அவற்றில் பல, 2004 சுனாமிக்குப் பிறகு காற்றையும் அலையையும் தடுப்பதற்காக நட்டவை. வனத்துறை இடமாகவோ அரசுப் புறம்போக்காகவோ இருக்கும். "எல்லாரும்தான் வெட்டறாங்க" என்று உள்ளூர்ப் பையன் ஒருவன் கத்தியோடு வந்து நிற்பான். நூறு ரூபாய்க்கு ஆசைப்பட்டு அவனோடு போகாதீர்கள். கோயில் நிலத்துச் சவுக்கும் அப்படித்தான். குத்தகைக்காரர் சரி என்றாலும் நீங்கள் விலகிக்கொள்ளுங்கள்.

4. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

தமிழ்நாட்டில் பட்டா நிலத்தில் வளர்த்த சவுக்கை வெட்ட வனத்துறை அனுமதி தேவையில்லை. சந்தனம், தேக்கு போன்றவற்றுக்கு விதி வேறு, அந்தப் பயத்தைச் சவுக்குக்கும் சேர்த்துக் காட்டித்தான் இடைத்தரகர்கள் பணம் பார்க்கிறார்கள். 'பர்மிட் செலவு' என்று யாராவது தனியாகக் கேட்டால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

ஆனால் அனுமதி வேண்டாம் என்பதும் காகிதமே வேண்டாம் என்பதும் ஒன்றல்ல. வழியில் யார் நிறுத்தினாலும் கேட்கப்போகும் கேள்வி ஒன்றுதான்: "எங்கே வெட்டினது?" அதற்குப் பதில் உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டும்.

ஒரு வெள்ளைத்தாளில் உரிமையாளரிடம் சீட்டு எழுதி வாங்குங்கள். அவர் பெயர், கிராமம், சர்வே எண், 'என் பட்டா நிலத்தில் விளைந்த சவுக்கு மரம் ஒன்று, வீட்டு உபயோகத்துக்காக இன்னாருக்குக் கொடுத்தேன்' என்ற ஒரு வரி, தேதி, கையெழுத்து, போன் நம்பர். வியாபாரிக்கு விற்ற தோப்பென்றால் அவர் கையெழுத்தும் கீழே. முத்திரைத்தாள், நோட்டரி எதுவும் வேண்டாம். எழுதத் தயங்கும் பெரியவர்களிடம் நீங்களே எழுதிப் படித்துக்காட்டிக் கையெழுத்து மட்டும் வாங்கலாம்.

சர்வே எண் சொன்னாரே, அதைச் சரிபார்க்க வேண்டுமா என்றால், வேண்டும். தமிழ்நாடு அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா விவரம் வந்துவிடும். 'அ' பதிவேட்டில் அந்த எண் புறம்போக்கா என்பதும் தெரியும். பாகூர், ஏம்பலம் போன்ற புதுச்சேரிக் கிராமங்களில் தோப்பு இருந்தால் அங்கே பார்க்க வேண்டியது 'நிலமகள்' தளம். நம் பகுதியில் புதுச்சேரியும் தமிழ்நாடும் மாறி மாறி வருவதால், சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு அரசு, அந்தப் பக்கம் ஒரு அரசு என்று இருக்கும். எந்த மாநிலத்து நிலம் என்று கேட்டுவிட்டே தேடுங்கள். புதுச்சேரி நிலத்து மரமென்றால் சீட்டோடு சேர்த்து, பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலகத்தில் வாய்வார்த்தையாக ஒருமுறை விசாரித்துக்கொள்வது நல்லது.

பணத்தைக் கூகுள் பேயில் அனுப்புங்கள். அந்தப் பதிவே ரசீது. வெட்டிய தூரோடு மரத்தை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியின் ஆர்.சி., இன்சூரன்ஸ், லைசென்ஸ் வழக்கம்போல.

5. செலவு எவ்வளவு ஆகும்

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன், உங்களுக்கு நூறு இருநூறு முன்னே பின்னே இருக்கும். எட்டடி மரத்துக்கு 300 ரூபாய் கொடுத்தோம். டன் விலைக்குக் கணக்குப் போட்டால் அந்த மரம் அதில் பாதிகூட வராது. ஆனால் வேலையை நிறுத்தி நமக்காக நேரம் ஒதுக்குகிறாரே, அதற்கான விலை அது. பேரம் பேசி இருநூறுக்கு இறக்கினால் உங்களுக்குக் கிடைப்பது அவர் தள்ளிவிட நினைத்த கோணல் மரமாக இருக்கும். வெட்டுகிற ஆட்களுக்கு டீச் செலவோடு 200.

பெரிய செலவு வண்டிதான். ஆலப்பாக்கத்திலிருந்து புதுச்சேரிக்குக் குட்டியானை 1,800 ரூபாய் கேட்டது. கேரியர் வைத்த கார் இருந்தால் இது மிச்சம். பழைய பெயிண்ட் வாளி, மணல், கயிறு எல்லாம் சேர்ந்து 200ஐத் தாண்டாது. இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே வண்டியில் மரங்களை ஏற்றினால் வாடகை பங்காகிவிடும். தெருவில் அல்லது அன்பியத்தில் (பங்கின் குடும்பக் குழுவில்) ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், கட்டாயம் ஆள் சேரும்.

6. கிளம்புவதற்கு முன்னால் வீட்டை அளந்துவிடுங்கள்

தோப்பில் எல்லா மரமும் சின்னதாகத் தெரியும். வீட்டுக்குள் வந்ததும் அதுவே கூரையை இடிக்கும். கான்கிரீட் வீடுகளில் பெரும்பாலும் பத்தடி உயரம். அதில் எட்டடி மரம் சரியாக இருக்கும். அடியில் ஓரடி வாளிக்குள் போய்விடும், உச்சியில் நட்சத்திரத்துக்கு ஓரடி வேண்டும்.

கூரையைவிட மின்விசிறி முக்கியம். மரம் நிற்கும் இடத்திலிருந்து விசிறி இறக்கை எட்டும் தூரத்தை அளந்து பாருங்கள். இறக்கையில் கிளை படாவிட்டாலும் நேர் கீழே வைத்தால் காற்றில் மரம் இரண்டே நாளில் காய்ந்துவிடும். கதவின் அகலமும் மாடிப்படித் திருப்பமும் பார்க்க வேண்டியவையே. குடில் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். மரம் வந்தபிறகு குடிலுக்கு இடம் தேடினால் வீட்டில் சண்டை நிச்சயம்.

7. தோப்புக்குள் போகும்போது

காலை ஏழரைக்குள் அங்கே இருங்கள். வெட்டு ஆட்கள் விடிந்ததும் தொடங்கி உச்சி வெயிலுக்குள் முடித்துவிடுவார்கள்.

பிள்ளைகளுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய ஷூவும் முழுக்கால் சட்டையும் போடுங்கள். சவுக்குத் தோப்பின் தரையில் உதிர்ந்த சருகு மெத்தை போலக் கிடக்கும், அதற்கடியில் காய்கள் குத்தும். விரியன் பாம்பும் சருகு நிறத்திலேயே படுத்திருக்கும். பெரியவர் ஒருவர் கம்பால் தட்டிக்கொண்டே முன்னால் போகட்டும். கடி பட்டால் மந்திரம், பச்சிலை என்று நேரத்தைக் கடத்தாமல் நேராகக் கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போக வேண்டும். கொசு விரட்டும் களிம்பு, குடிக்கத் தண்ணீர், ஆட்களுக்கும் சேர்த்துக் கொஞ்சம் பிஸ்கட் எடுத்துக்கொள்ளுங்கள்.

8. மரத்தைத் தேர்ந்தெடுப்பது

நேரமெடுத்துச் செய்ய வேண்டிய வேலை இதுதான், பிள்ளைகளை முழுக்கச் சேர்த்துக்கொள்ள வேண்டிய இடமும் இதுதான்.

தோப்பின் நடுவே போகாதீர்கள். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நெருக்கமாக நட்டிருப்பதால் நடுவில் உள்ள மரங்கள் வெளிச்சத்தைத் தேடி ஒல்லியாக மேலே ஓடியிருக்கும். கீழ்க்கிளைகள் காய்ந்து உதிர்ந்து வெறும் கழியாக நிற்கும். வரப்போரத்திலும் பாதையோரத்திலும் நிற்கும் மரங்களைப் பாருங்கள். வெயில் படுவதால் அடியிலிருந்தே கிளை விட்டிருக்கும். நன்றாக வளராமல் பின்தங்கிய இளமரங்கள் நமக்கு அருமையானவை. கழி வியாபாரத்துக்கு ஆகாது என்பதால் உரிமையாளரும் மகிழ்ச்சியாகக் கொடுப்பார்.

இன்னொரு வழி, எனக்குப் பிடித்த வழி, நுனி வாங்குவது. இருபது இருபத்தைந்தடி மரத்தை வீழ்த்தியதும் கழிக்கு வேண்டிய கனம் வரை எடுத்துக்கொண்டு மேல்நுனியை மிலாரோடு (கழித்துப்போட்ட சிறுகிளைகளோடு) சேர்த்து ஒதுக்கிவிடுவார்கள். அந்த நுனிதான் கூம்பாக, எல்லாப் பக்கமும் கிளையோடு இருக்கும். நமக்கென்று தனியாக ஒரு மரம் சாகவும் வேண்டாம். நாட்டுச் சவுக்கு தூரிலிருந்து சரியாகத் துளிர்க்காது என்பதால் வெட்டியது வெட்டியதுதான். ஆனால் வீழ்த்தும்போது உச்சி தரையில் மோதி ஒரு பக்கக் கிளைகள் ஒடிந்திருக்கும். ஆட்களிடம் முன்னதாகச் சொல்லி வைத்தால் மற்ற மரங்களின் மேல் சாய்த்து மெல்ல இறக்குவார்கள்.

பிடித்த மரத்தைச் சுற்றி வாருங்கள். ஒரு பக்கம் மொட்டையாக இருந்தால் கவலை இல்லை, அந்தப் பக்கம் சுவருக்குப் போகும். இரண்டு பக்கம் மொட்டையென்றால் விட்டுவிடுங்கள். தண்டு அடியில் மணிக்கட்டுக் கனம் இருந்தால் வாளியில் நன்றாக நிற்கும். ஊசி போலத் தெரிவது உண்மையில் கணுக்கணுவான மெல்லிய கிளை. ஒன்றைப் பிடித்து வளைத்துப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் நல்லது, தொட்டதும் கணுவில் சொடுக்கென்று விட்டுவந்தால் மரம் ஏற்கெனவே காயத் தொடங்கிவிட்டது. (கணுவைப் பிரித்துத் திரும்பச் செருகி, எங்கே பிரிச்சேன் சொல்லு என்கிற பழைய விளையாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல சமயம் வராது.)

கிளை இடுக்குகளில் கம்பளிப்பூச்சி, எறும்புக் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். முசுறு எறும்பு கூடு கட்டிய மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

எப்படிப் பார்த்தாலும் சவுக்கு அடர்த்தி குறைவான மரம்தான். அதனால் தனியாக ஒரு கட்டு மிலாரும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் இடைவெளிகளை நிரப்ப அதுதான் உதவும். பெரும்பாலும் அதற்குக் காசு கேட்க மாட்டார்கள்.

9. வெட்டு

முதல் முறை என்றால் வெட்டைத் தோப்பு ஆளிடமே விடுங்கள். கொடுவாளால் நாலு போடு, வேலை முடிந்தது. பிள்ளைகள் ஆசைப்பட்டால் கைரம்பம் கொண்டு போங்கள், ஆனால் சவுக்கு கெட்டி மரம் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பச்சை மரத்தில் ரம்பம் பாதியில் சிக்கும். சாய வேண்டிய பக்கம் கால்வாசி வெட்டிவிட்டு, எதிர்ப்பக்கத்திலிருந்து அறுக்க வேண்டும். ஒருவர் மேலே பிடித்துச் சாய வேண்டிய பக்கமாக லேசாகத் தள்ளிக்கொண்டிருந்தால் வெட்டு வாய் திறந்து ரம்பம் ஓடும். பிள்ளைகள் அறுத்துப் பார்ப்பதை ஆரம்பத்திலேயே முடித்துக்கொள்ளட்டும். மரம் ஆடத் தொடங்கியதும் அதன் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தூரம் தள்ளி நிறுத்திவிடுங்கள்.

கொடுவாள் வெட்டு சாய்வாகத்தான் விழும். அதனால் தரையில் மிஞ்சும் தூர் ஈட்டியாக நிற்கும். ஆளிடம் சொல்லி மண்ணோடு மண்ணாகத் தட்டிவிடச் சொல்லுங்கள், அடுத்து அந்த வழியே வருகிறவர் காலில் ஏறும். நம் பக்கத்துத் தண்டையும் வீட்டில் சமமாக அறுக்க வேண்டியிருக்கும் என்பதால் அளவைவிட அரையடி கூடுதலாக வெட்டச் சொல்லுங்கள்.

10. ஏற்றிக்கொண்டு வருவது

மரத்தைப் பிடித்து நன்றாக உதறுங்கள். காய்ந்த ஊசியும் பூச்சியும் அங்கேயே விழட்டும். பிறகு கிளைகளை மேல்நோக்கி அணைத்துப் பழைய புடவையால் தூரிலிருந்து நுனிவரை சுற்றிக் கட்டுங்கள். கார் கேரியரில் தூர் முன்பக்கம், நுனி பின்பக்கம். மாற்றி வைத்தால் எதிர்க்காற்று கிளையை எல்லாம் விரித்து ஒடித்துவிடும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி கட்டிவிட்டு, இருட்டுவதற்குள் வீடு சேருங்கள். டவுன் பஸ்ஸில் ஏற்ற மாட்டார்கள். இரு சக்கர வண்டியில் குறுக்கே பிடித்துக்கொண்டு வரும் யோசனை வேண்டவே வேண்டாம்.

வாடகை வண்டி என்றால் பக்கத்து மாநிலத்துக்குள் வருமா என்று பேசும்போதே கேளுங்கள். கன்னியக்கோயில் வரைக்கும் வந்து "இதுக்கு மேல வர முடியாதுங்க" என்று நிற்கிற வண்டிகள் உண்டு. கடலூர் ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில் புதுச்சேரியிலிருந்து வருகிற வண்டிகளை மது பாட்டிலுக்காகத் துழாவுவார்கள், டிசம்பர் கடைசியில் இன்னும் மும்முரமாக. கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்குப் பெரிதாகத் தொல்லை இல்லை. மரக்காணம் பக்கம் வெட்டிப் புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கொண்டுபோகிறவர்கள் புடவைக் கட்டை அவிழ்த்துக் காட்டத் தயாராக இருங்கள். சிரித்த முகத்தோடு சீட்டை நீட்டினால் இரண்டு நிமிடம்தான்.

11. வீட்டில் நிறுத்துவது

வாசலிலேயே ஒரு மணி நேரம் நிறுத்தி, ஹோஸ் பைப்பில் நனைத்து, காய வையுங்கள். தண்டின் அடியை இரண்டு விரற்கடை சமமாக அறுத்துவிட்டு உடனே தண்ணீர் வாளியில் வையுங்கள். பழைய வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொண்டிருக்கும், புதிதாக அறுத்தால்தான் தண்ணீர் ஏறும்.

20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்று போதும். அடியில் நாலு அங்குலம் ஜல்லி, நடுவில் தண்டு, சுற்றிலும் அரைச் செங்கற்களைச் செருகி ஆட்டம் நிறுத்தி, மேலே ஈர மணல். மொத்தம் முப்பது கிலோவுக்கு மேல் வரும் என்பதால் நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து நிரப்புங்கள். நாள்தோறும் காலையில் ஒரு சொம்புத் தண்ணீர். ஆஸ்பிரின், சர்க்கரை, எலுமிச்சை என்று பலர் பல வைத்தியம் சொல்வார்கள். பச்சைத் தண்ணீரே போதும். ஜன்னல் கம்பியோடு உச்சியிலிருந்து ஒரு தூண்டில் நரம்பு கட்டிவிட்டால் பூனையோ பிள்ளையோ இழுத்தாலும் சாயாது.

இப்போது அந்த மிலார்க் கட்டை எடுங்கள். ஓட்டை தெரியும் இடங்களில் தண்டோடு சேர்த்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். கீழிருந்து மேலே போக வேண்டும், கீழே நீளம், மேலே குட்டை. அரை மணி நேரத்தில் மரம் வேறு மரமாகிவிடும். கிளைகள் தொங்கினால் பச்சை நூலால் மேல்கிளையோடு தூக்கிக் கட்டலாம். கண்ணாடி உருண்டைகளை இந்த மரம் தாங்காது. காகித நட்சத்திரம், பஞ்சு, தக்கை, பிள்ளைகள் செய்த அட்டை மணி இவைதான் சரி.

12. விளக்கும் நெருப்பும்

சவுக்கு பச்சையாகவே எரிகிற விறகு. காய்ந்த ஊசி பற்றினால் அணைக்க நேரம் கிடைக்காது. மெழுகுவத்தி மரத்தின் மேலும் வேண்டாம், அருகிலும் வேண்டாம். குடிலின் முன்னால் ஏற்றுவதென்றால் மரத்திலிருந்து நாலடி தள்ளி, ஆள் இருக்கும்போது மட்டும்.

எல்.இ.டி. சீரியல் செட் மட்டும் போடுங்கள். பழைய சூடேறும் பல்பு செட்டைப் பரணிலிருந்து எடுக்காதீர்கள். வாங்கும்போது கடையிலேயே பத்து நிமிடம் எரியவிட்டு அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், சுடக்கூடாது. எக்ஸ்டென்ஷன் பெட்டியைத் தண்ணீர் ஊற்றுகிற வாளிக்குப் பக்கத்தில் தரையில் வைக்காமல் ஸ்டூல் மேல் வையுங்கள். நள்ளிரவுப் பூசைக்குக் கிளம்பும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். கதவைப் பூட்டியபின் எரிகிற மரத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

டிசம்பர் 28க்கு மேல் தினமும் கிளையைத் தொட்டுப் பாருங்கள். கை பட்டதும் உதிர்ந்தால் விளக்கை முதலில் கழற்றிவிடுங்கள். மரம் விளக்கில்லாமல் புத்தாண்டு வரை நிற்கட்டும்.

13. கழற்றுவது

ஜனவரி 6 வரை வைத்திருக்க நினைத்தாலும் பெரும்பாலான வீடுகளில் இரண்டாம் தேதியே மரம் பழுப்பாகிவிடும். கழற்றும் முன் கீழே பழைய போர்வையை விரியுங்கள். மரத்தை அதில் கிடத்திச் சுருட்டி அப்படியே வெளியே கொண்டுபோனால் வீட்டுக்குள் உதிராது. சிதறிய ஊசிகளுக்குப் பூந்துடைப்பம் உதவாது, தென்னந்துடைப்பம்தான். தண்ணீர் விட்டுக் கழுவித் தள்ளாதீர்கள், குளியலறைச் சாக்கடை அடைத்துக்கொள்ளும்.

தெருக்குப்பைத் தொட்டியில் முழு மரத்தைப் போட்டால் எடுக்க மாட்டார்கள். முழ நீளத் துண்டுகளாக வெட்டி மொட்டை மாடியில் காயப்போடுங்கள். பத்து நாள் வெயிலில் பொங்கல் பானைக்கு அடுப்பெரிக்க நல்ல விறகாகிவிடும். வாளி மணலைச் செடித் தொட்டிகளில் கொட்டிவிட்டு, வாளியையும் சீட்டில் இருந்த போன் நம்பரையும் பத்திரமாக வையுங்கள். அடுத்த டிசம்பரில் அந்தத் தோப்பு இருக்காது, வெட்டி முடித்து மறுபடி கன்று நட்டிருப்பார்கள். ஆனால் எந்தத் தோப்பில் அப்போது வெட்டு ஓடும் என்று அந்த வியாபாரியைக் கேட்டால் தெரிந்துவிடும்.